மலம் கழித்த பிறகு இரண்டு மணி நேரம் நீடிக்கும் வலி: இது மூலமா, வேறு ஏதாவதா?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள்களாகத் தயங்கிய பிறகே இதை எழுதுகிறேன். கணவரிடம்கூட முழுதாகச் சொல்ல நா எழாத விஷயம் இது.

எனக்கு வயது 41. கோத்தகிரியை அடுத்த ஒரு கிராமத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்கள். ஏழு வாரங்களுக்கு முன், இரண்டு நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு, மிகவும் முக்கி மலம் கழித்தபோது ஆசனவாயில் ஏதோ கிழிந்ததுபோல் சுரீர் என்று வலித்தது. அன்று தொடங்கிய வலி இன்றுவரை விடவில்லை. மலம் வெளியேறும்போது பிளேடால் கீறி மிளகாய்த்தூள் தடவியதுபோல் எரிகிறது. பிறகு பத்து நிமிடம் சற்று அடங்குவதுபோல் இருந்து, அதன்பின் உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்து முறுக்குவதுபோல் ஒரு வலி கிளம்பி இரண்டு மணி நேரம் வரை நீடிக்கிறது. போன வாரம் மேட்டுப்பாளையம் போனபோது பேருந்தில் இடம் இருந்தும் மலைப்பாதை முழுவதும் நின்றுகொண்டே போனேன். நடத்துநர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடுபோல் இரத்தம் தெரிகிறது. சில நாள்களில் இரண்டு மூன்று சொட்டும் விழுகிறது. கழுவும்போது ஆசனவாயின் பின்பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு சதை விரலில் தட்டுப்படுகிறது. மருந்துக் கடையில் மூலம் என்று சொல்லி வாங்கிய களிம்பில் மூன்று டியூப் தீர்ந்துவிட்டது. தடவிய சில மணி நேரம் மரத்துப்போகிறது, அவ்வளவுதான். மாமியார் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொல்கிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எனக்கு இரத்தசோகை என்று நான்கு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மலம் கழிப்பதை நினைத்தாலே பயமாக இருப்பதால் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன். இது மூலம்தானா? அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டுமா? நாளுக்கு ஐந்தாறு முறை குடிக்கும் தேநீர்தான் காரணம் என்கிறார்களே, அது உண்மையா? புற்றுநோயாக இருக்குமோ என்ற எண்ணம் இரவில் தூங்க விடுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், குன்னூர்

சகோதரிக்கு வணக்கம். நேரில் பாராமல் எந்த நோயையும் உறுதிசெய்ய இயலாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் வலியை நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. நம் ஊரில் ஆசனவாயில் எது வந்தாலும் அதற்கு மூலம் என்றே பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் தவறினால் மருந்தும் தவறிவிடுகிறது. உங்கள் மூன்று டியூப் களிம்பும் வீணானது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆசனவாய்க் குழாய் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதன் நடுவே பல்வரிசை போன்ற ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. கீழே உள்ள தோலோ விரல் நுனியைப் போல நுண்ணுணர்வு மிக்கது. உள்மூலம் கோட்டுக்கு மேலே உண்டாவதால், அது பெரும்பாலும் வலியில்லாமல் இரத்தத்தை மட்டும் சொட்டும். ஆகவே மலம் கழிக்கும்போது அறுப்பதுபோல் வலித்து, அதன்பின் மணிக்கணக்கில் இறுக்கும் வலி நீடித்தால், முதலில் நினைக்க வேண்டியது மூலத்தை அன்று, ஆசனவாய் வெடிப்பை. மருத்துவர்கள் இதை ஃபிஷர் என்பார்கள். கோட்டுக்குக் கீழே உள்ள தோலில் நீளவாக்கில் உண்டாகும் சிறு கிழிசல்தான் அது. பத்தில் ஒன்பது பேருக்கு நடுக்கோட்டின் பின்பக்கத்திலேயே வருகிறது. நீங்கள் தடவிப் பார்த்த பட்டாணி அளவுச் சதையும், நாள்பட்ட வெடிப்பின் வெளிமுனையில் வளரும் தோல்மடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூலம் என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இந்தச் சதையைப் பார்த்துத்தான்.

இவ்வளவு சிறிய கிழிசல் ஏழு வாரமாகியும் ஏன் ஆறவில்லை என்ற கேள்வி எழும். உதட்டில் பனிவெடிப்பு வந்தால் நான்கு நாளில் ஆறிவிடுகிறது. இது ஆறாததற்குக் காரணம் அடியில் இருக்கும் உள் சுருக்குத்தசை. அந்தத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று. கிழிசலின் வலி பட்டதும் அது தானாக இறுகுகிறது. இறுகிய தசை அந்த இடத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. பின்பக்க நடுக்கோட்டில் இரத்த ஓட்டம் இயல்பாகவே குறைவு என்பதால் இரத்தம் கிடைக்காத புண் ஆறுவதில்லை. பத்து நிமிடம் அடங்கிப் பிறகு முறுக்குகிறது என்று எழுதினீர்களே, அந்த முறுக்கல் புண்ணின் வலியன்று, தசையின் வலி. இதோடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால், அது மலக்குடலில் தங்கத் தங்க நீர் உறிஞ்சப்பட்டுக் கட்டியாகி, மறுநாள் அதே இடத்தை மீண்டும் கிழிக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் மலம் குறையும் என்று நீங்கள் எடுத்த முடிவு உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. தயவுசெய்து இன்றே பழையபடி சாப்பிடத் தொடங்குங்கள்.

தேநீரைப் பற்றி: மலைக்காரர்களிடம் தேநீரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. இங்கே சிக்கல் வேறு. குளிரில் தாகம் எடுப்பதில்லை. கீழ்நாட்டில் இருப்பவர் தாமாகவே குடிக்கும் தண்ணீரை நாம் குடிப்பதில்லை. பசித்த நேரத்தில் தேநீரும் வர்க்கியுமாக வயிற்றை நிரப்பிக்கொள்கிறோம். வர்க்கி மைதாவால் ஆனது, அதில் நார்ச்சத்து மிகக் குறைவு. உங்கள் நிலையில் தேநீர் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறைகிறது. சேராமல் குடலில் தங்கும் இரும்பு வயிற்றைத் தொந்தரவு செய்து மலச்சிக்கலையும் கூட்டுகிறது. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் முறையும் இப்போது வழக்கத்தில் உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையால் மலம் கருப்பாகப் போவதும், பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போவதும் இயல்பு. அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சிகிச்சையின் அடித்தளம் மலத்தை இளக்குவதுதான். நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு மூன்று கிராம்கூட இல்லை. கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் இருக்கிறது. கேழ்வரகுக் களியும், அவரையும், பீன்ஸும், கீரையும், தோலோடு தின்னும் பேரிக்காயும் நம் மலையிலேயே கிடைக்கின்றன. இவற்றோடு இரவில் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி இசப்கோல் உமியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, அது கூழாகும் முன் குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைத்துக்கொள்ளும். அதுவும் போதவில்லை என்றால் மருத்துவர் லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை எழுதித் தருவார். அடுத்தது வெந்நீரில் உட்கார்தல். இடுப்பு மூழ்கும் அளவு இளஞ்சூட்டு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், மலம் கழித்த பிறகு கட்டாயமாக ஒரு முறை, நாளில் மேலும் ஒன்றிரண்டு முறை. சூடு அந்த இறுகிய தசையைத் தளர்த்துகிறது.

புதிதாக வந்த வெடிப்புகளில் பெரும்பாலானவை இவ்வளவிலேயே ஆறிவிடும். ஆறு வாரத்தைத் தாண்டியதை நாள்பட்டது என்று கணக்கிடுவோம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால் தசையைத் தளர்த்தும் களிம்பும் தேவைப்படலாம். இரண்டு சதவீத டில்டியாசெம் களிம்பைப் பட்டாணி அளவு எடுத்து ஆசனவாயின் விளிம்பில் நாளுக்கு இருமுறை, ஆறு முதல் எட்டு வாரம் தடவச் சொல்வது வழக்கம். நைட்ரோகிளிசரின் களிம்பும் அதே வேலையைச் செய்யும், ஆனால் பலருக்குத் தலைவலி வருகிறது. ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுப்பவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இரண்டையும் மருத்துவர் பார்த்து எழுதித் தந்த பிறகே பயன்படுத்த வேண்டும். நீங்கள் கடையில் வாங்கிய வகைக் களிம்புகள் பலவற்றில் மரக்கச் செய்யும் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அதை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். போதும், நிறுத்திவிடுங்கள்.

களிம்பும் பலன் தராதபோதுதான், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியையோ அறுவையையோ யோசிப்போம். உள் சுருக்குத்தசையின் ஒரு சிறு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்தும் அந்த அறுவை, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் தருவது. ஆனால் சிலருக்குக் காற்றை அடக்கும் கட்டுப்பாடு குறையக்கூடும். சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கு அந்தத் தசை ஏற்கெனவே சற்றுத் தளர்ந்திருக்கலாம் என்பதால் கூடுதலாக யோசித்தே செய்வோம். அறுவை செய்தே ஆகவேண்டும் என்று முதல் நாளே சொல்பவரிடம், சுகப்பிரசவம் ஆன எனக்கு அந்தக் கட்டுப்பாடு குறையாதா என்று கேளுங்கள்.

துத்தி இலை மூலத்துக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டால் நான் தடை சொல்ல மாட்டேன். திறந்த புண்ணின் மேல் வதக்கிக் கட்டுவது மட்டும் வேண்டாம்.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். உங்கள் வயதில், இந்த வகை வலியோடு வரும் சிவந்த இரத்தத்துக்கு வெடிப்பே மிகப் பெரும்பாலும் காரணம். ஆயினும் இரத்தசோகை இருப்பதால் அது எதனால் வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போகிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதனால் விளங்காத இரத்தசோகை என்றால் குடலை உள்நோக்கிக் கருவியால் பார்ப்பது அவசியமாகலாம். காரணமின்றி எடை குறைதல், மலம் போகும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், மலத்தோடு கலந்து வரும் கருஞ்சிவப்பு இரத்தம், ஆறாமல் கெட்டிப்படும் புண் ஆகியவை இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் வரும் வெடிப்பையும் காசநோய், கிரோன் எனப்படும் குடல் அழற்சி போன்றவற்றுக்காகச் சோதிப்போம். இந்த வாரமே ஒரு பொது அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

பதில்: மலைப்பாதை ஓட்டுநர்

டாக்டர் ஐயாவின் பதிலைப் படித்தபோது, மூன்று வருடத்துக்கு முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அக்கா, உங்கள் வலியும் என் வலியும் ஒன்றல்ல. வேறு யாராவது இதைப் படித்து, எல்லாம் வெடிப்புதான், வெந்நீரில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே என் கதையை எழுதுகிறேன்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறேன். ஒருநாள் ஆசனவாயின் இடப்பக்கத்தில் ஒரு வலி தொடங்கியது. மலம் கழிப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இராப்பகலாக, நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண் என்று தெறித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் இருமினால்கூட வலித்தது. துண்டை நான்காக மடித்து ஒரு பக்கத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒருக்களித்து உட்கார்ந்தபடி பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினேன். பர்லியாறு வருவதற்குள் உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. காய்ச்சல் என்று அப்போதுதான் புரிந்தது.

கீழே ஒரு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மூலம் பவுத்திரத்துக்கு அறுவையின்றி ஒரே ஊசியில் குணம் என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர் சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. வீங்கிய இடத்தில் ஏதோ ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூன்றாம் இரவு கட்டி தானாக உடைந்து, படுக்கை முழுதும் சீழ். வலி உடனே போய்விட்டதால் குணமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அது குணமில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் அதே இடத்தில் ஒரு சிறு துளை விழுந்து, வாரத்துக்கு இரண்டு நாள் சீழ் கசிந்து உள்ளாடை நனைந்தது. கோவை அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துப் பவுத்திரம் என்றார்கள். ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல் வரை சீழ் தனக்கென ஒரு பாதை போட்டுக்கொண்டதாம். சர்க்கரை அளவு 290 இருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாதை சுருக்குத்தசையைத் துளைத்துக்கொண்டு போனதால் ஒரேயடியாக வெட்ட முடியாது என்று சொல்லி, முதலில் ஒரு நூலைக் கோத்துச் சில மாதம் சீழை வடியவிட்டு, பிறகு அறுவை செய்தார்கள்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: விடாமல் தெறிக்கும் வலியும், வீக்கமும், காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது சீழ்க்கட்டி. அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் மருத்துவம். மாத்திரையால் மட்டும் அடக்க முடியாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருந்தால் எனக்குப் பவுத்திரம் வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மூன்று நாளும் அந்த ஊசியும் எனக்கு இருந்திருக்காது.

பதில்: ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், குன்னூர்

ஓட்டுநர் தம்பி எழுதியது ஒவ்வொரு சொல்லும் உண்மை. சீழ்க்கட்டியை முறையாகக் கீறி வடித்தாலும், மூன்றில் ஒருவருக்காவது பின்னர் பவுத்திரம் உண்டாகிறது. ஆகவே தம்மைத் தாமே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தச் சீழ் வேகமாகப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் விடியும் வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

தம்பிக்குக் கோத்த நூலைப் போலவே ஆயுர்வேதத்தில் க்ஷார சூத்திரம் என்ற முறை உண்டு. இலைக்கள்ளிப் பாலும் நாயுருவிச் சாம்பல் உப்பும் மஞ்சளும் பூசிய நூலை அந்தப் பாதையில் கோத்து வாரந்தோறும் மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையைவிட இம்முறையில் ஆற நாள் கூடுதலாகப் பிடித்தாலும் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. படித்துப் பட்டம் பெற்றவர் செய்யும்போது அது மதிக்கத்தக்க சிகிச்சை. பலகை வைத்து ஊசி போடும் இடங்களோடு அதைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அந்த ஊசிகளில் தசை வெந்து, ஆசனவாயே சுருங்கிப்போய் வந்தவர்களை நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒரே இரவில் ஆசனவாயின் விளிம்பில் நீலநிறமாக, தொட்டால் துடிக்கும் உருண்டை ஒன்று எழும்புவதும் உண்டு. அது வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தது. முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக வலிக்கும். அதற்குள் வந்தால் சிறு கீறலில் எடுத்துவிடலாம், கடந்துவிட்டால் வலி தானாகவே இறங்கத் தொடங்கும்.

பதில்: கூடலூர் செவிலியர்

வாசகி அக்காவுக்கு வணக்கம். அறுவைப் பிரிவிலும் பிரசவப் பிரிவிலுமாக 16 ஆண்டுகள் வேலை பார்க்கிறேன். நீங்கள் இன்னும் மருத்துவரிடம் போகாததற்கு வலியைவிடக் கூச்சமே காரணம் என்று உங்கள் எழுத்திலிருந்து எனக்குப் படுகிறது. ஆகவே அங்கே என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இடப்பக்கமாகப் படுத்து, முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இடுப்பு வரை போர்வை இருக்கும். வெடிப்பைக் காண பெரும்பாலும் விரலோ கருவியோ உள்ளே போகவேண்டிய அவசியம் இல்லை. இரு பக்கமும் மெல்ல விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரண்டு நிமிட வேலை. புதுப்புண்ணாகவோ கடும் வலியாகவோ இருந்தால் உள்ளே சோதிக்காமல் பிறகொரு நாளைக்குத் தள்ளிவைப்பதே முறை. வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். ஆண் மருத்துவராக இருந்தால் பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். நீங்கள் கேட்காமலே அது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கேளுங்கள்.

வெந்நீரில் உட்காரும் முறையை எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் தவறாகவே செய்கிறார்கள். கிருமிநாசினித் திரவத்தை ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்கிறார்கள். அது புண்ணை எரித்துத் தோலை உலர்த்துகிறது, வெறும் தண்ணீரே போதும். உப்பும் தேவையில்லை. துணி துவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியை இதற்கென்றே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல் முழங்கையை நனைத்துச் சூட்டைப் பாருங்கள். முழங்கை பொறுத்துக்கொள்ளும் சூடே சரியான சூடு. நம் ஊர்க் குளிரில் தொட்டித் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால், பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு நடுவில் ஓரமாகச் சிறிது ஊற்றிக் கலக்கிக்கொள்ளுங்கள். எழுந்ததும் தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். மார்கழி, தை மாதங்களில் குழாயில் வரும் தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கும். அதில் கழுவினால் தசை மேலும் இறுகி வலிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். கழுவுவதற்கும் வெதுவெதுப்பான நீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் வெடிப்போடு வரும் தோட்டப் பெண்களில் மிகப் பலர், காலையில் உந்துதல் வந்த நேரத்தில் கழிப்பறை இல்லாமல் அடக்கிக்கொண்டவர்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே தோட்டங்களில் குடிநீரும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று சொன்னது. ஆனாலும் கொழுந்து பறிக்கும் சரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே அரை மணி நேர நடை இருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். போனால் பறிக்கும் கொழுந்தின் எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். அதனால் தண்ணீரையும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா, உங்களுடையது சொந்தத் தோட்டம். உந்துதல் வந்தால் கூடையை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிந்திய அரை மணி நேரத்தில்தான் குடல் நன்றாக அசையும். அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து முக்க வேண்டாம். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

பதில்: குன்னூர் ஆசிரியர்

இதே இழையில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு வயது 35. மாதத்தில் ஒன்றிரண்டு முறை நள்ளிரவில் ஆசனவாயின் உள்ளே ஆழத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதுபோல் கடுமையான வலி வந்து தூக்கத்தைக் கலைக்கிறது. நான்கைந்து நிமிடத்தில் சுவடே இல்லாமல் போய்விடுகிறது. இரத்தமோ வீக்கமோ இல்லை. இதற்கும் பரிசோதனை வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், குன்னூர்

ஆசிரியருக்கு, நீங்கள் கெண்டைக்காலை உவமை சொன்னது மிகச் சரி. இடுப்புத்தளத் தசைகள் திடீரென்று இழுத்துக்கொள்வதால் வருவது இது. சில நொடிகளிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தானாக விட்டுவிடும், இடைப்பட்ட நாள்களில் ஒன்றும் இருக்காது. ஒருமுறை பரிசோதித்து வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் போதும். வலி வந்தவுடன் வெந்நீரில் உட்கார்வதும், எழுந்து சற்று நடப்பதும் உதவும். அரை மணி நேரத்துக்கு மேல் மந்தமாக நீடித்து, உட்கார்ந்தால் கூடும் வலி என்றால் அது வேறு வகை. அதற்குத் தசைப் பயிற்சி தேவைப்படும். முதுகெலும்பின் நுனியை அழுத்தினால் மட்டும் வலிக்கிறது என்றால் வால் எலும்பைப் பார்க்க வேண்டும்.

பதில்: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். செவிலியர் தங்கை எழுதியதைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். எனக்குச் சொல்ல வராததை அது சொல்லிவிட்டது. மறுநாளே அவர் உதகைக்கு அழைத்துப் போனார். பெண் செவிலியர் வேண்டும் என்று கேட்டேன், உடனே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஐயா சொன்னதுபோல் பின்பக்க நடுக்கோட்டில் நாள்பட்ட வெடிப்புதான். சதையையும் பார்த்துவிட்டு, அது தோல்மடிப்பு, தொந்தரவு தராவிட்டால் அப்படியே விட்டுவிடலாம் என்றார்.

டில்டியாசெம் களிம்பும், இரவில் லாக்டுலோஸும் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் எந்த மாற்றமும் தெரியாமல் அழுதிருக்கிறேன். மூன்றாம் வாரத்தில்தான் ஒருநாள், மலம் கழித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து களி கிண்டிக்கொண்டிருக்கும்போது, இன்றைக்கு அந்த முறுக்கல் வரவில்லையே என்று திடீரென உறைத்தது. துடுப்பைக் கையில் பிடித்தபடியே சிறிது நேரம் நின்றேன். இப்போது எரிச்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரத்தம் நின்று 12 நாளாகிறது. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டு, தேநீரைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்தே குடிக்கிறேன். மாதவிடாய் மிகுதியாக இருந்ததைச் சொன்னதும் கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சிறு நார்க்கட்டி ஒன்று இருக்கிறதாம், இரத்தசோகைக்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்று மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: வலி போய்விட்டதால் களிம்பை நிறுத்திவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், குன்னூர்

மிகவும் மகிழ்ச்சி, சகோதரி. களிம்பை நிறுத்த வேண்டாம். வலி போவது முதலில், புண் முழுதாக மூடுவது பிறகு. எட்டு வாரம் முடியும்வரை தடவுங்கள். இசப்கோலையும் கேழ்வரகையும் அதற்கு மேலும் சில மாதங்கள் தொடருங்கள், இடையில் ஒருமுறை மலம் கட்டியானாலும் அதே இடம் மீண்டும் கிழிய வாய்ப்புண்டு. மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். இரத்தம் திரும்ப வந்தாலோ, நார்க்கட்டிக்குச் சிகிச்சை எடுத்தும் இரத்தசோகை தீராமல் இருந்தாலோ, குடலைப் பரிசோதிப்பதைப் பற்றி உதகை மருத்துவரிடம் நீங்களே எடுத்துக் கேளுங்கள்.